கெட்டிக்காரப் பிள்ளை, கோழிக்கிறுக்கல் கையெழுத்து: பள்ளி மதிப்பீடு எவ்வளவு தேறும்?

வாயால் கேட்டால் பட்டென்று பதில் வரும். அதையே தாளில் எழுதச் சொன்னால் மூன்று வரியோடு நிற்கும், அந்த மூன்று வரியையும் டீச்சரால் படிக்க முடியாது. "எல்லாம் தெரியுது, எழுதத்தான் சோம்பல்" என்று டைரியில் குறிப்பு ஏறும். இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பள்ளி ஏற்பாடு செய்துதரும் மதிப்பீடு எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் இந்த விமர்சனம். ஒரு குறிப்பிட்ட பள்ளியையோ நிபுணரையோ இங்கே எடைபோடவில்லை. பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட ஒரே சோதனைத் தொகுப்புதான் புழங்குகிறது. அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது, எது வேலை செய்கிறது, எது காலை வாருகிறது என்று பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வழக்கமான தொகுப்பு வாசிப்புச் சிக்கலை ஓரளவு நன்றாகவே பிடிக்கும். எல்லாப் பக்கமும் பின்தங்கிய பிள்ளையையும் பிடிக்கும். கெட்டிக்காரப் பிள்ளையின் எழுத்துச் சிக்கலைத்தான் கோட்டை விடும். ஏனென்றால் உச்சத்தில் இருக்கும் மதிப்பெண்ணும் தரையில் இருக்கும் மதிப்பெண்ணும் சராசரியில் கரைந்து, "வயதுக்கு ஏற்ற நிலை" என்ற ஒரு வாக்கியமாகிவிடும். ஒரே விஷயத்தைப் பென்சிலோடு ஒருமுறை, பென்சில் இல்லாமல் ஒருமுறை கேட்டு ஒப்பிட்டிருக்கிறார்களா? ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். அது இருந்தால் மற்றதைப் படிக்கலாம். இல்லாவிட்டால் எத்தனை பக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை.

விஸ்க்: கருவி நல்லது, மொத்த எண் ஆபத்து

தொகுப்பின் நடுநாயகம் விஸ்க் ஐந்தாம் பதிப்பு, அதாவது குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனை. 2014-இல் வந்தது, 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை உள்ளவர்களுக்கு. ஐந்து பிரிவுகளாக மதிப்பெண் தரும்: மொழிவழிப் புரிதல், இடம்-வடிவ உணர்வு, புதிர்த் தர்க்கம், வொர்க்கிங் மெமரி (தகவலை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்வது), ப்ராசஸிங் ஸ்பீட் (எளிய வேலையைச் செய்து முடிக்கும் வேகம்). பிரிவு மதிப்பெண்களுக்குச் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. உள்ளே இருக்கும் சப்டெஸ்ட்டுகளுக்குச் சராசரி 10, விலக்கம் 3. மொத்த ஐ.க்யூ. ஏழு சப்டெஸ்ட்டுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த ஏழில் ஒன்று கோடிங்.

கோடிங்கில் மேலே ஒரு வரிசையில் எண்ணும் அதற்கான குறியும் இருக்கும். கீழே கட்டங்களில் எண் மட்டும் இருக்கும். பிள்ளை ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய குறியைப் பார்த்துப் பென்சிலால் வரைய வேண்டும், நேரம் 2 நிமிடம். (8 வயதுக்குக் கீழ் என்றால் எண்ணுக்குப் பதில் வடிவங்கள்.) இங்கே மதிப்பெண் குறைய நாலைந்து காரணங்கள் இருக்கலாம். கண் மேலும் கீழும் போய்வருவதில் சுணக்கம், குறி நினைவில் ஒட்டாமல் ஒவ்வொரு தடவையும் மேலே பார்ப்பது, விரல் ஒத்துழைக்காதது, கவனம் நடுவில் நழுவுவது, அல்லது ஒவ்வொரு குறியையும் அச்சடித்ததுபோல் வரைய வேண்டும் என்ற பிடிவாதம். கடைசிக் காரணம் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் அடிக்கடி தென்படும். ரிப்போர்ட்டில் வருவதோ "ப்ராசஸிங் ஸ்பீட் குறைவு" என்ற ஒரே வரி. ஐந்து காரணங்களுக்கும் ஐந்து வேறு பரிகாரம் என்பதால் அந்த வரியை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒற்றுமை கண்டறிதல் 17, சொல்வளம் 16, கட்டை அடுக்குதல் 13, மேட்ரிக்ஸ் புதிர் 15, தராசுப் புதிர் 14, எண்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லுதல் 10, கோடிங் 5. முதலில் உள்ள 17 என்பது நூறு பேரில் முதல் ஆளாக நிற்பது. கடைசியில் உள்ள 5, நூறு பேரில் கடைசி ஐந்து பேரோடு நிற்பது. ஏழையும் கூட்டினால் மொத்த ஐ.க்யூ. 120-ஐ ஒட்டி வரும். பள்ளி இதைப் பார்த்து "பிரமாதம், பிரச்சினையே இல்லை" என்று ஃபைலை மூடிவிடும். அதேநேரம் 130 கேட்கும் சிறப்புத் திறன் வகுப்புக்கும் பிள்ளை தகுதி பெறாது. இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.

இதற்கு வழி விஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. கோடிங்கையும் நினைவுச் சப்டெஸ்ட்டையும் விட்டுவிட்டு, மீதி ஐந்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் பொதுத்திறன் குறியீடு ஒன்று உண்டு. ஜி.ஏ.ஐ. என்பார்கள். மேலே சொன்ன பிள்ளைக்கு அது 130-ஐ ஒட்டி வரும். கணக்கிட மறுபடி பிள்ளையை உட்கார வைக்க வேண்டியதில்லை, கையில் இருக்கும் மதிப்பெண்ணை வேறு அட்டவணையில் பார்த்தால் போதும். அமெரிக்காவின் திறன்மிகு குழந்தைகளுக்கான தேசியச் சங்கம் 2018-இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும், இத்தகைய பிள்ளைகளுக்கு மொத்த ஐ.க்யூ.வைக் கட்டாயமாக்கக் கூடாது, இதுபோன்ற குறியீடுகளை ஏற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ரிப்போர்ட்டில் ஜி.ஏ.ஐ. இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிரிவுகளுக்குள் பெரிய இடைவெளி இருக்கும்போது மொத்த எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பது, எங்கள் பார்வையில், பாதி வேலைதான்.

சப்டெஸ்ட்டுகளை ஜோடி ஜோடியாகப் படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டை அடுக்குதலில் கையும் வேண்டும், நேரமும் ஓடும், சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண். விஷுவல் பசில்ஸ் என்ற சப்டெஸ்ட்டில் அதே மாதிரியான யோசனை, ஆனால் கைக்கு வேலை இல்லை; விடைத் துண்டுகளின் எண்களைச் சொன்னால் போதும். முன்னது குறைந்து பின்னது உயர்ந்தால் சந்தேகம் விரல் பக்கம் திரும்ப வேண்டும். கட்டை அடுக்குதலுக்கு நேர போனஸ் இல்லாத மதிப்பெண்ணும் எடுக்கலாம், அதையும் கேளுங்கள். இதேபோல் கோடிங்குக்கு ஜோடி சிம்பல் சர்ச், கொடுத்த குறி வரிசையில் இருக்கிறதா என்று தேடும் சப்டெஸ்ட். அதுவும் 2 நிமிடம்தான், பென்சிலும் உண்டு, ஆனால் ஒரு கோடு கிழித்தால் போதும், எதையும் வரைய வேண்டாம். கோடிங் 5, சிம்பல் சர்ச் 11 என்றால் கை. இரண்டும் 5 என்றால் வேகமோ கவனமோ. ஒரு ஜோடியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. இரண்டு ஜோடியும் ஒரே திசையில் காட்டினால் நம்பலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு பள்ளம் இங்கே உண்டு. விஸ்க்கை இப்போது டேப்லெட்டிலும் எடுக்கிறார்கள். டேப்லெட் வடிவக் கோடிங்கில் பிள்ளை குறியை வரைவதில்லை, விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு வடிவமும் ஒன்றுபோல் இருக்கலாம். கையெழுத்துச் சிக்கலுக்காகவே மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இது தலைகீழ் மாற்றம், ஏனென்றால் எதை அளக்க வந்தோமோ அது அளக்கப்படாமலே போகும். மதிப்பெண் 10 வந்து "எல்லாம் சரி" என்று முடியும். தாளிலா டேப்லெட்டிலா என்று முன்கூட்டியே கேட்டு, தாளில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எடுக்கக் கேட்பதில் அர்த்தமில்லை, முதல் தடவை கற்றது இரண்டாம் தடவையைக் கெடுக்கும்.

இன்னொன்று, வழக்கமான வரிசையில் கோடிங் ஐந்தாவதாக வருகிறது. அதற்கு முன் பிள்ளை பென்சிலைத் தொட்டிருக்காது. களைப்பே இல்லாத கை, வெறும் 2 நிமிடம். வகுப்பில் இருபதாவது நிமிடத்தில் விரல் வலித்து எழுத்து சரியும் பிள்ளைக்கு இங்கே நல்ல மதிப்பெண் வருவதில் ஆச்சரியமில்லை. ஆகவே கோடிங் நன்றாக இருப்பதைக் காட்டிக் கையெழுத்துச் சோதனையைத் தவிர்க்க விடாதீர்கள்.

கைக்கான சோதனைகள்

பள்ளிகள் அதிகம் நம்புவது பீரி வி.எம்.ஐ. வடிவங்களைப் பார்த்து வரையும் சோதனை. ஆறாம் பதிப்பு 2010-இல் வந்தது. நேர்கோட்டில் தொடங்கிச் சிக்கலான முப்பரிமாண வடிவங்கள் வரை போகும். அதோடு இரண்டு துணைச் சோதனைகள்: கண்ணால் ஒத்த வடிவத்தைக் கண்டுபிடிப்பது (3 நிமிடம்), கோடுகளுக்குள் பென்சிலை நடத்துவது (5 நிமிடம்). மூன்றையும் சேர்த்து எடுத்தால் அருமையான கருவி. கண் சோதனை நன்றாக வந்து பென்சில் சோதனை சரிந்தால் எங்கே அடைப்பு என்பது வெளிச்சமாகிவிடும். முதல் பாகத்தை மட்டும் எடுத்து நிறுத்தினால் மட்டமான கருவி. நடைமுறையில் அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பீரியின் பெரிய குறை நேரம். வடிவம் வரையும் பாகத்துக்குக் காலவரம்பு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக வரைந்து முடிக்கும் பிள்ளை சராசரிக்கு மேலேயே வாங்கிவிடும். அது மட்டுமல்ல, சதுரம் வரைவது வேறு, எழுத்து எழுதுவது வேறு. எழுத்தின் வடிவம் யோசிக்காமலே நினைவிலிருந்து விரலுக்கு இறங்க வேண்டும். அந்த வழி தடைப்பட்ட பிள்ளை படத்தை அழகாக வரையும், எழுத்தைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும். ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து மூன்று விதமாக, சில நேரம் கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். "பீரி நார்மல், ஆகவே கையெழுத்துப் பிரச்சினை இல்லை" என்று எழுதும் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து விளக்கம் கேட்கலாம்.

இந்த இடத்தை நிரப்புவது டாஷ். 2007-இல் வந்த கையெழுத்து வேகச் சோதனை, 9 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை. ஐந்து பாகம். ஒரு வாக்கியத்தை அழகாக எழுது, அதையே வேகமாக எழுது (ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம்), அகர வரிசையை நினைவிலிருந்து 1 நிமிடம் எழுது, வட்டத்துக்குள் பெருக்கல் குறி போடு, கொடுத்த தலைப்பில் 10 நிமிடம் சொந்தமாக எழுது. எங்கள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், காரணம் பாகங்களுக்கு இடையே உள்ள உறவு. பெருக்கல் குறி வேகம் சரியாக இருந்து அகர வரிசை மட்டும் இழுத்தால், விரல் நன்றாக இருக்கிறது, எழுத்து நினைவிலிருந்து வர நேரமாகிறது. இரண்டும் இழுத்தால் விரலிலேயே கோளாறு. "அழகாக" எழுதியதற்கும் "வேகமாக" எழுதியதற்கும் வித்தியாசமே இல்லையென்றால் பிள்ளையிடம் இரண்டாவது கியர் கிடையாது. பரீட்சையில் "சீக்கிரம் எழுது" என்று அதட்டிப் பயனில்லை.

கடைசி 10 நிமிடப் பாகத்தை 2 நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்து எண்ணுவார்கள். முதல் துண்டில் 22 சொல், ஐந்தாம் துண்டில் 9 சொல் என்றால் களைப்பு கண்முன்னே நிற்கும். மொத்தத்தை மட்டும் எழுதினால் அந்தச் செய்தி தொலைந்துவிடும். துண்டுவாரிக் கணக்கைக் கேளுங்கள். முக்கியமான எச்சரிக்கை, டாஷின் அளவுகோல் ஆங்கில எழுத்துக்கு உரியது. வேறு எழுத்துமுறையில் பயிலும் பிள்ளைக்கு அந்த அட்டவணையைப் பொருத்தக் கூடாது. அங்கே செய்யக்கூடியது, அதே வகுப்பில் படிக்கும் நாலைந்து சாதாரணப் பிள்ளைகளுக்கு அதே வேலையை அதே நேரத்தில் கொடுத்து ஒப்பிடுவதுதான். அறிவியல் நறுவிசு குறைவென்றாலும் தவறான அட்டவணையைவிட எவ்வளவோ மேல்.

யோசனை வேகத்தையும் கை வேகத்தையும் ஒரேயடியாகப் பிரித்துக் காட்டும் சின்னச் சோதனை ஒன்று ஓரமாகக் கிடக்கிறது: சிம்பல் டிஜிட் மோடாலிட்டீஸ். கோடிங் மாதிரிதான், ஆனால் குறியைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும், 90 வினாடி. பிறகு அதையே வாயால் சொல்லச் சொல்லலாம். இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு, 8 வயதிலிருந்து எடுக்கலாம். வாய்வழி சராசரி, எழுத்துவழி அடிமட்டம் என்றால் விவாதம் முடிந்தது. மொத்தமே பத்து நிமிட வேலை. இதைப் பள்ளித் தொகுப்பில் சேர்க்காமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணமும் எங்களுக்குத் தென்படவில்லை. இதோடு, படங்களையும் எழுத்துகளையும் வேகமாகப் பெயர் சொல்லும் சோதனையும் எடுத்தால் போதும். வாயால் செய்யும் இரண்டும் மெதுவாக இருந்தால்தான் "ப்ராசஸிங் ஸ்பீட்" என்ற சொல்லுக்கு அருகதை வரும்.

உடல் ஒருங்கிணைப்பு மொத்தத்திலும் சந்தேகம் இருந்தால் (பொத்தான், ஷூ லேஸ், கத்தரிக்கோல், பந்து பிடிப்பது) ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மூவ்மென்ட் ஏ.பி.சி. என்ற உடல் அசைவுச் சோதனை எடுப்பார். அதில் 5-ஆம் பர்சன்டைலும் (நூறு பேரில் கீழிருந்து ஐந்தாவது இடம்) அதற்குக் கீழும் தெளிவான சிக்கல், 15 வரை கண்காணிப்பு.

பாடத்திறன் சோதனைகளில் கை ஒளிந்திருக்கும் இடங்கள்

வியட் அல்லது உட்காக்-ஜான்சன் என்று ஏதோ ஒன்றை எடுப்பார்கள். வாசிப்புப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு வேகப் பகுதியில்தான் கவனம் வேண்டும். எளிய கூட்டல், கழித்தல், பெருக்கலை வரிசையாக எழுதி முடிக்கும் போட்டி அது. பதில் மனதில் தயாராக இருந்தும் 7-ஐ எழுத நேரமாகும் பிள்ளைக்கு "கணக்கு அடிப்படை பலவீனம்" என்று முத்திரை விழும், அப்புறம் வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்லி ஆறு மாதம் ஓடும். அதே தரத்திலுள்ள 30 கணக்குகளை வாய்மொழியாகக் கேட்டு நேரம் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும். இது அதிகாரபூர்வ மதிப்பெண் ஆகாது. அவதானிப்புப் பகுதியில் எழுதலாம், நல்ல உளவியலாளர்கள் எழுதவும் செய்கிறார்கள்.

ஸ்பெல்லிங்கும் அப்படியே. எழுதும்போது தவறும் சொற்களை மறுநாள் வாயால் எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். வாயால் சரி என்றால் ஸ்பெல்லிங் தெரியும், எழுதும் பளுவில் உதிர்ந்துவிடுகிறது. வாயாலும் தவறு என்றால் அது தனிச் சிக்கல், அதற்குத் தனிப் பயிற்சி.

கட்டுரையில் இந்தப் பிள்ளைகள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. எழுதச் சுலபமான சொற்களாகத் தேர்ந்து, மிகச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். பிழை குறைவு, மதிப்பெண் சராசரி. பேச்சில் வரும் சொற்களையும் தாளில் வந்த சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இழப்பு தெரியும். அதே தலைப்பில் பிள்ளை 3 நிமிடம் பேசுவதைப் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் தட்டெழுதி, கையால் எழுதியதோடு இணைத்துக் கொடுங்கள். கூட்டத்தில் எந்த மதிப்பெண் அட்டவணையையும்விட இந்த இரண்டு தாள்கள் அதிகம் பேசும்.

ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பும் கேள்வித்தாள்கள் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்க உதவும். எழுதும் நேரத்தில் மட்டும் கவனம் சிதறுகிறதா, எல்லா நேரத்திலுமா என்பதை அதில் கையால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெயரிடுவதில் உள்ள ஓட்டை

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடான டி.எஸ்.எம்.-5-இல் டிஸ்கிராபியா (எழுதுவதில் உள்ள குறைபாடு) என்று தனி நோய்ப்பெயர் கிடையாது. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டின் கீழ் எழுத்து வெளிப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. அங்கே பட்டியலிட்டிருப்பவை ஸ்பெல்லிங், இலக்கணமும் நிறுத்தக்குறியும், எழுதிய கருத்தின் தெளிவும் ஒழுங்கமைப்பும். கையெழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. அது எட்டிப் பார்ப்பது வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாட்டின் விளக்கத்தில். ஸ்பெல்லிங் நன்றாக, இலக்கணம் நன்றாக, கையெழுத்தின் வேகமும் தெளிவும் மட்டும் இல்லாத பிள்ளை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும். உளவியலாளர் "என் பக்கம் ஒன்றுமில்லை" என்பார், தெரபிஸ்ட் "பென்சில் பிடி பரவாயில்லை" என்பார். இருவரும் தனித்தனி ரிப்போர்ட் கொடுக்காமல் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் இந்த ஓட்டை அடைபடும். மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும்போதே இதை எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

மதிப்பீட்டுக்கு முன் முடிக்க வேண்டியவை: கண் பரிசோதனை (தூரப் பார்வை மட்டும் போதாது, கிட்டத்தில் இரு கண்ணும் ஒன்றுசேர்ந்து குவிகிறதா என்பதும்), காது பரிசோதனை. விரல் மூட்டு அளவுக்கு மீறி வளைகிறதா, கை நடுங்குகிறதா என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். நன்றாக இருந்த கையெழுத்து சில வாரங்களில் கெட்டுப்போனால் அது பள்ளி மதிப்பீட்டுக்கான விஷயமே இல்லை, நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

பரிந்துரைப் பக்கம்

ரிப்போர்ட்டின் மிக பலவீனமான பக்கம் பெரும்பாலும் கடைசிப் பக்கம்தான். "முன் வரிசையில் அமர வைக்கவும், ஊக்கப்படுத்தவும், கூடுதல் நேரம் வழங்கவும்" என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து. எந்த மதிப்பெண்ணிலிருந்து எந்தச் சலுகை வருகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாத பரிந்துரையை அடித்துவிடலாம்.

கூடுதல் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யோசனை மெதுவாக ஓடும் பிள்ளைக்கு அது உயிர். கை வலிக்கும் பிள்ளைக்கோ வலியை நீட்டிப்பது மட்டுமே, ஐந்தாம் துண்டில் 9 சொல் எழுதியவன் எட்டாம் துண்டில் 4 சொல் எழுதுவான். அவனுக்கு வேண்டியது எழுதும் அளவைக் குறைப்பது. பத்துக் கணக்கில் எண்ணிக்கைக்காக இருக்கும் ஆறை விட்டு, கடினமான நாலைக் கொடுக்கலாம். கேள்வியை நோட்டில் எழுத வைக்காமல் அச்சிட்ட தாளைக் கொடுக்கலாம், கரும்பலகையைப் போட்டோ எடுக்க விடலாம்.

கீபோர்டு நல்ல வழி, ஆனால் கொடுத்த அன்றே பலன் தராது. டைப் செய்யும் வேகம் கையால் எழுதும் வேகத்தைத் தாண்டும் வரை அது இன்னொரு சுமை. தினம் 10 நிமிடம் என்று மாதக்கணக்கில் பழக்க வேண்டும். பாதியில் "லேப்டாப் கொடுத்தும் எழுதலையே" என்று பள்ளி பிடுங்கிக்கொள்வது வாடிக்கை. எனவே பரிந்துரையிலேயே "இன்ன வேகம் எட்டும் வரை பயிற்சி, அதுவரை வேறு சலுகை" என்று இருக்க வேண்டும். கணக்குக்கும் படத்துக்கும் கீபோர்டு உதவாது. அங்கே கட்டம் போட்ட தாள், ஒரு கட்டத்துக்கு ஓர் எண், இட மதிப்பு சாயாது.

சொல்வதை எழுதும் உதவியாளர் என்றால், முழு வாக்கியத்தைத் தலைக்குள் கோத்து, நிறுத்தக்குறியோடு சொல்லப் பிள்ளை பழக வேண்டும். கை மட்டும் சிக்கல் என்றால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வொர்க்கிங் மெமரியும் குறைவாக இருந்தால் இது தடுமாற வைக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ஆள் ஏற்பாடு செய்வது ஏற்பாடே இல்லை.

சின்ன வகுப்பில் கையெழுத்துப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் மாவு பிசைவது, மணி கோப்பது என்று மட்டும் போகும் தெரபியால் எழுத்து மேம்படுவதில்லை. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எழுத்துப் பயிற்சியே இல்லாத முறைகளும் 20 அமர்வுக்குக் குறைந்த பயிற்சியும் பலன் தரவில்லை என்று கண்டது. ஆக, பரிந்துரையில் வாரத்துக்கு எத்தனை அமர்வு, மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றிலும் எழுத்து எழுதுவது உண்டா என்று பாருங்கள். "வாரம் ஒருமுறை, எட்டு வாரம்" என்றால் கூட்டத்திலேயே மறுத்துவிடலாம். இன்னொரு பக்கம், ஒரே பாராவைப் பத்துமுறை எழுத வைக்கும் இம்போசிஷன். தவறான வடிவம்தான் அதில் ஊறும். அது கூடாது என்பதையும் பரிந்துரையில் எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு ஆசிரியர் மாறினாலும் தாள் இருக்கும்.

மதிப்பெண்ணைப் பிரித்துப் போடும் சலுகையைப் பலர் கேட்பதே இல்லை. அறிவியல் பாடத்தில் அறிவியலுக்கு மட்டும் மதிப்பெண், கையெழுத்துக்கும் நேர்த்திக்கும் கழிக்கக் கூடாது. செலவில்லாத சலுகை, நாளையிலிருந்தே தொடங்கலாம்.

எடுக்கும் நாள், எடுத்த பிறகு

விஸ்க்கின் பத்துச் சப்டெஸ்ட்டுகளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். பாடத்திறன், கைச் சோதனை எல்லாம் சேர்ந்தால் ஒரே அமர்வில் முடிக்கக் கூடாத அளவு. இரண்டு காலைகளாகப் பிரிப்பதே நல்லது. கையெழுத்து மாதிரியை மட்டும் இதற்கு நேர்மாறாக எடுக்கச் சொல்லுங்கள், பள்ளி நாளின் முதல் பீரியடில் ஒன்று, கடைசி பீரியடில் ஒன்று. கிட்டத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, பலகையைப் பார்த்து எழுதியது, சொல்லச் சொல்ல எழுதியது, சொந்தமாக எழுதியது என்று நான்கு வகையும் இருக்கட்டும். பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும் மோசமென்றால் கண்ணையும் நினைவையும் பாருங்கள். சொந்தமாக எழுதுவது மட்டும் மோசமென்றால் யோசனையும் எழுத்தும் ஒரே நேரத்தில் ஓடவில்லை.

பிள்ளை கவனத்துக்கு மருந்து எடுப்பதாக இருந்தால் அன்று எடுத்ததா இல்லையா என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பெண் எந்த இரண்டு எண்களுக்குள் இருக்கக்கூடும் என்ற வரம்பு) இருக்க வேண்டும். ஒற்றை எண்ணாக 129 என்று எழுதி 130 இல்லை என்று தள்ளும் பள்ளியிடம் அந்த இடைவெளியைத்தான் காட்ட வேண்டும்.

திருப்தி இல்லையென்று அடுத்த மாதமே வேறிடத்தில் அதே விஸ்க்கை எடுக்காதீர்கள். பழக்கத்தால் மதிப்பெண் ஏறும், குறிப்பாகக் கட்டை அடுக்குதல் போன்றவற்றில். ஓராண்டாவது இடைவெளி வேண்டும். அதற்குள் தேவைப்பட்டால் விடுபட்டதை மட்டும் சேர்க்கலாம்: வாய்வழி-எழுத்துவழி சிம்பல் டிஜிட், பீரியின் இரண்டு துணைப் பாகங்கள், 10 நிமிட எழுத்து. முதல் உளவியலாளரிடமே "துணை மதிப்பீடு" என்று கேட்டால் புதிய ஃபைல் திறக்காமல் பழைய ரிப்போர்ட்டோடு இணைத்துத் தருவார். சலுகைகள் தொடங்கி ஒரு பருவம் ஆனதும் விஸ்க்கைத் தொட வேண்டாம், அந்த 10 நிமிட எழுத்தையும் அதே 10 நிமிட டைப்பிங்கையும் மட்டும் மறுபடி எடுத்து, துண்டுவாரிக் கணக்கைப் பழையதன் பக்கத்தில் வையுங்கள்.